‘நல்லா இருக்காங்க’ன்னா என்ன அர்த்தம்? பெரியவங்களோட அன்றாடத் திறனை அளக்கறது எப்படி

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

இன்னைக்கு கோடிங், ஏஐ எதுவும் கிடையாது. எங்க ஆயாவைப் பத்திப் பேசப் போறேன். ஆனா கடைசியில இதுவும் ஒரு அளவீட்டுப் பிரச்சினைதான். அதனால நம்ம ஏரியாவை விட்டு ரொம்ப தூரம் போகல.

எங்க ஆயா, அதாவது அப்பாவோட அம்மா, வல்லக்கோட்டையில இருக்காங்க. வயசு 78. முருகன் கோயிலுக்குப் பேர் போன அதே வல்லக்கோட்டைதான். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலை பாக்கறவங்களுக்கு நல்லா தெரிஞ்ச ஊரு. அப்பா ஒரு பார்ட்ஸ் கம்பெனியில ஷிப்ட் வேலை. ஃபர்ஸ்ட் ஷிப்ட்னா விடியறதுக்கு முன்னாடியே கம்பெனி பஸ் வந்துடும். அம்மாவும் வேலைக்குப் போறாங்க. தங்கச்சி காலேஜ். நான் ஓஎம்ஆர்ல ரூம் எடுத்துத் தங்கியிருக்கேன். ஆக, பகல் பூரா ஆயா வீட்டுல தனியாதான்.

போன வருஷம் ஆயாவை செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போனோம். டாக்டர் கேட்டார், “எப்படி இருக்காங்க?” அப்பா சொன்னார், “நல்லா இருக்காங்க சார். அவங்க வேலைய அவங்களே பாத்துப்பாங்க.” நானும் தலையாட்டினேன். அவ்வளவுதான், வெளியே வந்துட்டோம்.

மூணு வாரம் கழிச்சு ஊருக்குப் போனப்போ மாத்திரை டப்பாவைத் திறந்து பாத்தேன். ஆயாவுக்கு தினமும் ரெண்டு மாத்திரை. பிரஷருக்கு ஒண்ணு, சர்க்கரைக்கு ஒண்ணு. ரெண்டும் முப்பது முப்பது வாங்கி வெச்சிருந்தோம். 21-வது நாள்லயே பிரஷர் மாத்திரை சுத்தமா காலி. சர்க்கரை மாத்திரை 18 மிச்சம். ஒன்பதுதான் மிச்சம் இருக்கணும்.

வீட்டுல ஒரே களேபரம். அப்பா பயந்துட்டார். “மறதி வந்துடுச்சுடா. இனிமே அடுப்புப் பக்கமே போக வேணாம். பகல்ல தனியா விடறதும் சரிவராது. அத்தை வீட்டுக்கு அனுப்பிடலாம்.” ஆயா ரெண்டு நாளா யார்கிட்டயும் பேசல. மூணாவது நாள் என்கிட்ட மட்டும் சொன்னாங்க: “என்னைய மூட்டை கட்டாதீங்கடா கண்ணு.”

அப்பதான் எனக்கு உறைச்சுது. மூணு வாரத்துல “நல்லா இருக்காங்க”ல இருந்து “தனியா விட முடியாது”க்கு வந்துட்டோம். நடுவுல யாரும் எதையும் அளக்கல. சர்வர் டவுன் ஆகிக் கிடக்கும், ஆனா ஸ்டேட்டஸ் பேஜ்ல பச்சை லைட் எரியும். நம்ம ஆபீஸ்ல பாத்திருப்பீங்க. அந்த பச்சை லைட்தான் எங்க அப்பா சொன்ன “நல்லா இருக்காங்க”.

சரி, இதை அளக்க ஏதாவது வழி இருக்கான்னு தேட ஆரம்பிச்சேன். அறுபது வருஷமா இருக்கு!

ஆறு வேலைகள்

அமெரிக்காவுல கிளீவ்லேண்ட் நகரத்துல பெஞ்சமின் ரோஸ் மருத்துவமனை. அங்க சிட்னி காட்ஸ் என்ற டாக்டரும் அவருடைய குழுவும் இடுப்பெலும்பு முறிந்த வயதானவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். எலும்பு ஒட்டிடுச்சா இல்லையாங்கறது எக்ஸ்ரேல தெரிஞ்சுடும். ஆனா வீட்டுக்குப் போனா இந்த மனுஷரால வாழ முடியுமா? அதை எக்ஸ்ரே சொல்லாது.

அதனால ஆறு வேலைகளை எடுத்தார்கள். குளிக்கிறது, துணி உடுத்தறது, கழிவறைக்குப் போய் வர்றது, படுக்கையில இருந்தும் நாற்காலியில இருந்தும் எழுந்திருக்கிறது, சிறுநீர் மலத்தைக் கட்டுப்படுத்தறது, சாப்பிடறது. மத்தவங்க உதவி இல்லாம செஞ்சா ஒரு புள்ளி. மொத்தம் ஆறு. 1963-ல் இது வெளிவந்தது. இன்னைக்கும் உலகம் பூரா இதைப் பயன்படுத்தறாங்க.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் அந்த வரிசை. இந்தத் திறன்கள் கண்டபடி போறதில்ல, பெரும்பாலும் ஒரு ஒழுங்குல போகுது. முதல்ல தடுமாறறது குளியல். கடைசி வரைக்கும் நிக்கறது சாப்பாட்டை வாயில வெக்கிறது. உடம்பு தேறும்போது இதே வரிசை தலைகீழா திரும்பி வருது. குழந்தை வளரும்போது கத்துக்கற வரிசையோட இது ஒத்துப்போறதையும் காட்ஸ் குழு கவனித்தது.

எங்க ஆயாவை இதுல போட்டுப் பாத்தேன். ஆறுக்கு ஆறு! அப்போ அப்பா சொன்னது சரிதானா?

இல்ல. இந்த அளவுகோல் ரொம்ப அடிமட்டத்துல இருக்கு. இதுல புள்ளி குறையுதுன்னா நிலைமை ஏற்கனவே மோசம்னு அர்த்தம். மாத்திரை மாறிப் போறதெல்லாம் இது கண்ணுல படவே படாது.

அதுக்கு மேல எட்டு

1969-ல் பிலடெல்பியாவில் பவல் லாட்டன், எலைன் பிராடி என்ற இருவர் இன்னொரு பட்டியல் வெளியிட்டார்கள். போன் பேசறது, கடைக்குப் போறது, சமையல், வீட்டு வேலை, துணி துவைக்கிறது, வெளியே பயணம் போறது, மாத்திரையை ஒழுங்கா சாப்பிடறது, பணத்தைக் கையாளறது. மொத்தம் எட்டு. தனியா ஒரு குடும்பம் நடத்தணும்னா இதெல்லாம் வேணும். இதுக்கு உடம்பு மட்டும் போதாது, யோசனை, ஞாபகம், கண்ணு, காது எல்லாம் சேர்ந்து வேலை செய்யணும். அதனால பிரச்சினை முதல்ல தெரியறது இங்கதான்.

நம்ம நாட்டுலயே கணக்கு இருக்கு. 2017-18-ல் நடந்த லாசி என்ற பெரிய முதுமை ஆய்வில் 45 வயதைத் தாண்டிய 72,000-க்கும் மேற்பட்டவர்களிடம் இந்தியா முழுக்கக் கேட்டார்கள். அதுல 60 வயசு தாண்டினவங்கள்ல அடிப்படை வேலைகள்ல ஒண்ணுலயாவது சிரமம்னு சொன்னவங்க சுமார் 24 சதவீதம். இந்த ரெண்டாவது வகை வேலைகள்ல ஒண்ணுலயாவது சிரமம்னு சொன்னவங்க சுமார் 48 சதவீதம். ரெண்டு மடங்கு! முதல் பட்டியலை மட்டும் பாத்திருந்தா அந்த இடைவெளியில இருக்கறவங்க எல்லாரும் ‘நல்லா இருக்காங்க’ கணக்குல போயிருப்பாங்க.

ஆனா இந்த எட்டுலயும் ஒரு சிக்கல். பழைய முறையில ஆம்பளைங்களுக்கு சமையல், வீட்டு வேலை, துணி துவைக்கிறது மூணையும் விட்டுட்டு அஞ்சுக்குத்தான் மதிப்பெண் போட்டாங்க. ஏன்? எங்க தாத்தா இருந்தவரைக்கும் ஒரு டம்ளர் காபி கூட போட்டதில்ல. அவருக்கு “சமைக்க முடியாது”ன்னு சைபர் போட்டா அது நோயா, வழக்கமா? அதே மாதிரி பேங்க் பக்கமே போகாத ஒரு அம்மாவுக்கு “பணத்தைக் கையாளத் தெரியாது”ன்னு போட்டா? அவங்க கிழவியானதால வந்த குறை இல்லையே அது. வாழ்க்கை பூரா யாரும் அந்த வேலையை அவங்க கையில குடுக்கல, அவ்வளவுதான்.

பல்லப்கர் கிராமங்கள்ல கேட்ட கேள்விகள்

இந்தப் பிரச்சினையை நேரா மோதினவங்க ஹரியானாவுல பல்லப்கர் பகுதியில வேலை பாத்த இந்திய-அமெரிக்க ஆய்வுக் குழு. மேரி கங்குலி, விஜய் சந்திரா, ஜெர்டா ஃபில்லன்பாம் போன்றவர்கள் அதில் இருந்தார்கள். கிராமத்துல வாழற, எழுதப் படிக்கத் தெரியாத பெரியவங்கள்ல யாருக்கு மறதி நோய் இருக்கலாம்னு கண்டுபிடிக்கணும். செக் புக், பஸ் டைம்டேபிள் பத்திக் கேட்டு என்ன பிரயோஜனம்?

அதனால, ஆணோ பெண்ணோ, படிச்சவரோ படிக்காதவரோ, அந்த ஊர்ல எல்லாரும் செய்யற விஷயங்களா தேடினார்கள். நிறைய கேள்விகளைச் சோதித்துக் கடைசியில் 11 கேள்விகள் நின்றன. 1999-ல் வெளிவந்தது. பதில் சொல்றவர் கூட இருக்கிற குடும்பத்து ஆள். கேள்விகளோட தினுசைப் பாருங்க: சாப்பிட்டதை மறந்துட்டு சாப்பிடலைன்னு சொல்றாங்களா? சொந்த ஊருக்குள்ளயே வழி தப்பறாங்களா? ஹோலி, தீபாவளி மாதிரி முக்கியமான பண்டிகை எப்போன்னு ஞாபகம் இருக்கா? வீட்டுல கல்யாணம் மாதிரி பெரிய விஷயம் வந்தா கருத்து சொல்றாங்களா?

கடைசிக் கேள்வியை யோசிச்சுப் பாருங்க. எழுபது வயசு பாட்டி “அந்த சம்பந்தம் வேணாம்”னு சொல்றது ஒரு திறன்! அதுக்கு ஞாபகம் வேணும், மனுஷங்களை எடை போடத் தெரியணும், வாயைத் திறந்து சொல்ற தைரியமும் வேணும்.

இதைப் படிச்சதும் எனக்கு பக்குன்னு ஆச்சு. எங்க ஆயாவுக்கு ஹோலியும் தீபாவளியும் இல்ல, கிருத்திகைதான் கணக்கு. மாசா மாசம் கிருத்திகைக்கு விரதம். எங்க ஊர்ல பொறந்துட்டு அதை மறக்கவும் முடியாது, அன்னைக்கு கோயில் பக்கம் அவ்வளவு கூட்டம். அந்த ஆயா முந்தின ரெண்டு மாசமும் கிருத்திகையைத் தவற விட்டிருந்தாங்க. அப்போ அப்பா சொன்ன மறதி நிஜம்தானா?

வேலூர்ல காணாமப் போன நோயாளிகள்

இதுக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி இன்னொரு கதை. இது நம்ம தமிழ்நாட்டுக் கதை.

10/66-ன்னு ஒரு ஆய்வுக் குழு. மறதி நோய் உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்கிறார்கள், ஆனால் ஆராய்ச்சியில் 10 சதவீதம் கூட அவர்களைப் பற்றி இல்லை. அதுதான் அந்தப் பெயர். ஏழு நாடுகளில் 11 இடங்களில், 65 வயதைத் தாண்டிய கிட்டத்தட்ட 15,000 பேரை வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். இந்தியாவுல ரெண்டு இடம்: நகரத்துக்கு சென்னை, கிராமத்துக்கு வேலூர்.

2008-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் அன்றைய அளவுகோல்படி கணக்குப் போட்டால், கியூபாவில் 6.3 சதவீதம் பேருக்கு மறதி நோய். இந்திய கிராமத்தில்? 0.3 சதவீதம். வேலூர்க்காரங்களுக்கு ஞாபக சக்தி அவ்வளவு அபாரமா?

இல்லீங்க. அந்த அளவுகோல்படி, ஞாபகம் குறைஞ்சா மட்டும் போதாது, அன்றாட வாழ்க்கையும் பாதிக்கப்பட்டிருக்கணும். அதை யார் சொல்லணும்? வீட்டு ஆளுங்க. நம்ம வீட்டு ஆளுங்க என்ன சொல்வாங்க? “வயசானா அப்படித்தான் இருக்கும்.” “எல்லாம் நாங்களே பாத்துக்கறோம், அவங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்ல.” மருமக சமைக்கிறா, பையன் பணம் எடுத்துட்டு வர்றான், பேரன் போன் போட்டுக் குடுக்கறான். பெரியவங்க மேல எந்த வேலையும் இல்லாதப்போ எந்த வேலை கெட்டுப்போச்சுன்னு எப்படித் தெரியும்?

அதே ஆட்களை, கலாச்சாரத்துக்கும் படிப்புக்கும் ஏத்த மாதிரி உருவாக்கின 10/66 முறையில் கணக்கிட்டபோது, எல்லா இடங்களும் 5.6 முதல் 11.7 சதவீதத்துக்குள் வந்தன. வேலூரும் அதுக்குள்ளதான். இவங்க எல்லாரும் அங்கேயேதான் இருந்தாங்க. கேட்ட விதம் அவங்களை மறைச்சிடுச்சு.

எங்க வீட்டுலயும் அப்பா பொய் சொல்லல. பாசம்தான் அளவைக் கெடுத்துச்சு.

முடியுமா? செய்றாங்களா?

இதுல இருந்து நான் எடுத்துக்கிட்டது ரெண்டு கேள்வி. “அவங்களால முடியுமா?” ஒண்ணு. “தினசரி செய்றாங்களா?” இன்னொண்ணு. நம்ம பாஷையில சொன்னா, டெஸ்ட் சர்வர்ல ஓடறதும் ப்ரொடக்ஷன்ல ஓடறதும் மாதிரி. கடைக்கு நடக்க முடியும், ஆனா போறதில்ல. ஏன்? அந்த ‘ஏன்’லதான் எல்லாம் இருக்கு.

உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட முதுமை அறிக்கையிலும் இதே கோணம்தான். ஒருத்தரோட செயல் திறன் உடம்புக்குள்ள மட்டும் இல்ல. உடம்பு, மனசோட பலமும் சுத்தி இருக்கிற சூழலும் சேர்ந்ததுதான் அது. படி உயரம் குறைஞ்சா திறன் கூடும். ரோட்டுல லாரி கூடினா திறன் குறையும்.

நான் நாலு நாள் லீவு போட்டு ஊர்ல உக்காந்தேன். ஒரு ஷீட் போட்டேன். இது மருத்துவ அளவுகோல் இல்ல, வீட்டுக் குறிப்புதான். ஒவ்வொரு வேலைக்கும் மூணு விஷயம் எழுதினேன். இப்போ யார் செய்றாங்க? ஆறு மாசம் முன்னாடி யார் செஞ்சாங்க? ஆயா செய்யலைன்னா காரணம் என்ன? காரணத்துக்கு நாலு குறியீடு: முடியல, விடல, தேவைப்படல, எப்பவுமே வழக்கம் இல்ல.

வந்தது இதுதான்:

– சமையல்: சோறு, ரசம் தானே வெச்சாங்க. நாலு நாளும் கேஸை அணைச்சாங்க, ரெகுலேட்டரையும் மூடினாங்க.

– பணம்: பால்காரர் கணக்கு மாசம் பூரா மனசுலயே இருக்கு. அம்மா எழுதி வெச்ச நோட்டோட ஒரு ரூபா மாறல. ஆனா ரூபா நோட்டை மட்டும் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு போய் பாக்கறாங்க.

– போன்: வந்தா எடுத்துப் பேசறாங்க. தானா யாருக்கும் போடறதில்ல. தங்கச்சிதான் போட்டுக் குடுக்கறா.

– குளியல்: தானேதான். ஆனா அம்மா வேலைக்குப் போறதுக்கு முன்னாடியே பக்கெட்ல தண்ணி ரொப்பி வெச்சுடறாங்க. ஒரு வருஷமா இது நடக்குது, எனக்கே தெரியாது.

– கோயில்: போறதில்ல. “கூட்டம் ஜாஸ்திடா”ன்னாங்க. தோண்டிக் கேட்டப்போதான் தெரிஞ்சுது, பயம் ரோட்டைக் கடக்கறதுல. எங்க வீட்டுல இருந்து கோயிலுக்குப் போக மெயின் ரோட்டைத் தாண்டணும். கன்டெய்னரும் கார் ஏத்திட்டுப் போற டிரெய்லரும் ஓடற ரோடு.

அப்புறம் ரெண்டு சின்னச் சோதனை. நாற்காலியில இருந்து எழுந்து, மூணு மீட்டர் நடந்து, திரும்பி வந்து உக்காரணும். 12 வினாடி அல்லது அதுக்கு மேல ஆனா கீழ விழற அபாயம் இருக்கலாம்னு அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் சொல்லுது. ஆயாவுக்கு 15. இன்னொண்ணு, கையைக் கட்டிக்கிட்டு நாற்காலியில இருந்து அஞ்சு தடவை எழுந்து உக்காரணும். உலக சுகாதார நிறுவனம் வெச்சிருக்கிற கணக்கு 14 வினாடி. ஆயாவுக்கு 17. தயவுசெஞ்சு இதைச் செய்யறப்போ பக்கத்துல ஒருத்தர் பிடிக்கத் தயாரா நில்லுங்க.

42

நாலாவது நாள் ராத்திரி மாத்திரைக் கணக்கைத் திரும்பப் பாத்தேன். பிரஷர் மாத்திரை 30 போயிருக்கு. சர்க்கரை மாத்திரை 12 போயிருக்கு. கூட்டினா 42. நாள் எத்தனை? 21. இருபத்தொண்ணு ரெண்டு... நாற்பத்திரெண்டு!

ஆயா ஒரு வேளை கூட மாத்திரையை மறக்கல! தினமும் சரியா ரெண்டு மாத்திரை எடுத்திருக்காங்க. ஒன்பது நாள் ஒரே அட்டையில இருந்து ரெண்டையும் எடுத்திருக்காங்க. ரெண்டும் வெள்ளி அட்டை, ரெண்டும் வெள்ளை மாத்திரை.

கிருத்திகை? எங்க வீட்டுல தினசரி கிழிக்கிற காலண்டர். தேதி பெருசா இருக்கும். நட்சத்திரம், விரதம் எல்லாம் அடியில பொடி எழுத்து. வாசல் வெளிச்சத்துல ரூபா நோட்டு, போன்ல பேர் தேட முடியாதது, மாத்திரை அட்டை, காலண்டர். எல்லாம் ஒரே இடத்தைக் காட்டுது.

கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். ரெண்டு கண்ணுலயும் புரை, வலது கண்ணுல முத்திப்போயிருந்துச்சு.

இங்க ஒண்ணு அழுத்திச் சொல்லணும். எல்லாருக்கும் கண்ணுதான் காரணம்னு நான் சொல்லல. நிஜமாவே மறதி நோயா இருக்கலாம். வேலூர்க் கதை சொல்றதும் அதைத்தான், கண்டுக்காம விட்டுடாதீங்க. தைராய்டு, பி12 குறைபாடு, மன அழுத்தம், காது கேக்காதது, சில மருந்துகள், இதெல்லாமும் அதே மாதிரி தோற்றம் காட்டும். அளவு ‘என்ன’ குறையுதுன்னு சொல்லும். ‘ஏன்’னு டாக்டர்தான் சொல்லணும். ஆனா அந்த ‘என்ன’வை நீங்க கொண்டு போகலைன்னா அவரால என்ன பண்ண முடியும்? அடுத்த தடவை நான் அந்த ஷீட்டைக் கொண்டு போய்க் குடுத்தேன். டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு முழுசா படிச்சார். ஞாபகத்துக்கும் தனியா சோதனை செஞ்சார். வயசுக்கு சரியாத்தான் இருக்குன்னார்.

அடுப்பு ஆயாகிட்டயே இருக்கு. அத்தை வீட்டு பிளானும் போச்சு. காலை, ராத்திரின்னு அறை பிரிச்ச மாத்திரைப் பெட்டி வாங்கினோம், ஞாயித்துக்கிழமை தங்கச்சி ரொப்பிடுவா. பின்பக்கம் கழிவறைக்குப் போற படியில ஒரு கைப்பிடி, ஒரு எல்இடி பல்பு. கால் பலத்துக்குப் பயிற்சி. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிரஷர், சர்க்கரை மாத்திரையோட பிசியோதெரபியும் வீட்டுக்கே வரும், நிறைய பேருக்கு இது தெரியறதில்ல. உங்க ஊர் சுகாதார நிலையத்துல கேளுங்க. முதியோர் உதவி எண் 14567-ம் குறிச்சு வெச்சுக்கோங்க.

எல்லாம் சரியாயிடலை. கைத்தடி வாங்கிக் குடுத்தா கதவுக்குப் பின்னாடி வெச்சுட்டாங்க. “கெழவி மாதிரி இருக்கும்”னு காரணம். 78 வயசுல!

வலது கண் ஆபரேஷன் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு ஆயா காலண்டர் முன்னாடி நின்னுக்கிட்டு சத்தமா படிச்சாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பினாங்க. “ஏன்டா, எல்லாத்தையும் எழுதினியே, எனக்கு என்ன செய்ய ஆசைன்னு ஒருத்தரும் கேக்கலியே?” நியாயம்தான். காட்ஸ் பட்டியல்லயும் லாட்டன் பட்டியல்லயும் இல்லாத ஒரு வரியை என் ஷீட்டோட மேல சேத்தேன்: கிருத்திகைக்கு கோயில். இப்போ தங்கச்சி கையைப் பிடிச்சுக்கிட்டு ரோட்டைத் தாண்டறாங்க. உதவியோட செய்றதால காட்ஸ் கணக்குப்படி அதுக்கு சைபர்தான் போடணும். போட்டுக்கறேன், பரவாயில்ல.

உங்களுக்கு ஒரே ஒரு வேலை. இந்த வாரம் ஊருக்குப் பேசறப்போ “எப்படி இருக்காங்க?”ன்னு கேக்காதீங்க. “நேத்து மாத்திரை யார் எடுத்துக் குடுத்தாங்க?”ன்னு கேளுங்க. “கடைசியா தனியா கடைக்குப் போனது எப்போ?”ன்னு கேளுங்க. அப்புறம் போனை அவங்ககிட்டயே குடுக்கச் சொல்லி, அவங்களையும் கேளுங்க. என்ன பதில் வந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க.

அடுத்த எபிசோட்ல பாக்கலாம். வணக்கம்!